டயர் கணக்கு

பதினேழாம் நம்பர் பஸ்ஸின் கண்டக்டருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலில் தவிர வேறெங்கும் அதை யாரும் பார்த்ததில்லை. ஊருக்கு அவன் ரேடியோ. காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் டிப்போவில் பையை ஒப்படைக்கும்போதுதான் மூடுவான். நடுவில் அணைக்கிற பொத்தான் கிடையாது.

"உள்ளே போங்க, உள்ளே போங்க. முன்னாடி புலி ஒண்ணும் இல்லை, எங்க டிரைவர் அண்ணன்தான் இருக்கார்."

டிரைவர் அண்ணன் வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர். அதில் மூன்று, "விசில் அடிடா முதல்ல" என்பதாக இருக்கும்.

சண்டை எங்கோ எல்லையில் நடந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் ஒரு குண்டுகூட விழவில்லை. டயர்தான் தேய்ந்தது. பதினேழாம் நம்பரின் ஆறு டயரில் இரண்டு, ஸ்டோர் கீப்பரின் மண்டையை விட வழுக்கையாகிவிட்டன. ரேடியோ போய்க் கேட்டான். "டயர் எல்லாம் எல்லைக்குப் போயிருக்கு, வந்தா சொல்றேன்" என்றார் ஸ்டோர் கீப்பர். "அப்போ பஸ்ஸை அங்கேயே ஓட்டிட்டுப் போய் மாட்டிக்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டதற்கு, அவனை ஒரு நாள் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார வைத்தார்கள்.

அடுத்து டீசலைக் குறைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போன பஸ் இரண்டு ஸ்டாப்புக்கு முன்னாலேயே திரும்பியது. மிச்ச தூரத்தை நோயாளிகள் நடந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி இருந்தாள். சிரிக்கவே தெரியாத பெண். ஒரு நாள் இறங்கும்போது அவள் ரேடியோவிடம், "ஒரு பீரங்கிக் குண்டு விலைக்கு எங்க வார்டுல ஒரு மாசத்து ஊசி மருந்து வாங்கலாம். தெரியுமா உங்களுக்கு?" என்றாள். அவனுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கணக்கில் மூன்று முறை பெயிலாகி, வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்த ஆள் அவன். ஆனால் டயர் விலை தெரியும். "எத்தனை டயர்?" என்று கேட்டான். அவள் குண்டின் விலையைச் சொன்னாள். அவன் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "நாலு டயர்" என்றான். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டயர் விலை எல்லோருக்கும் புரிந்தது.

சண்டைச் செலவைப் பேசுகிற கூட்டம் ஆரம்பித்தது அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைத்தெரு சலூனில். சலூன்காரர் இடம் கொடுத்ததற்கு ஒரே காரணம், அவருடைய கடைக்கு சண்டையால் மூன்று மாதமாகக் கரண்ட் பாதி நேரம்தான் வந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடி. பத்துப் பேர் வந்தாலும் நாற்பது பேர் மாதிரி தெரியும். நர்ஸ் நோட்டைப் பார்த்து வாசிப்பாள். சண்டைக்கு ஒரு நாளைக்கு ஆகிற செலவு, அதே நாளில் மூடின பள்ளிக்கூடம், வெட்டின மருந்து, ஏறின மாவு விலை. மூன்றாவது வரியிலேயே ஜனங்கள் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்ய ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது ரேடியோ எழுந்து அதையே டயரில் சொல்வான். ஒரு விமானம் விழுந்தால் போகிற காசுக்கு இந்த ஜில்லாவில் ஓடுகிற அத்தனை பஸ்ஸுக்கும் புது டயர், ஸ்டோர் கீப்பர் மண்டைக்கு ஒரு விக்கு, அதுபோக மிச்சம் என்பான். சலூன் அதிரும். சிரித்தவன் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் சொல்வான். அவள் குழாயடியில் சொல்வாள்.

அதுவும் போதவில்லை அவனுக்கு. டிக்கெட்டில் கை வைத்தான்.

பஸ்ஸில் கூட்டம் நெரிந்தால் கண்டக்டர் முன்னால் போக முடியாது. முன்னால் இருப்பவர் காசைப் பின்னால் நீட்டுவார். அது ஏழெட்டுக் கை மாறி வரும். டிக்கெட்டும் அதே மாதிரி ஏழெட்டுக் கை மாறிப் போகும். டிக்கெட்டின் பின்பக்கம் வெறும் வெள்ளை. ஷெட்டில் பஸ் நிற்கிற இருபது நிமிஷத்தில் ரேடியோ பென்சிலை எடுத்து, டிக்கெட் கட்டில் பத்து டிக்கெட்டுக்கு ஒன்று வீதம் ஒரு வரி எழுதி வைப்பான். 'ஒரு டாங்கி = நம்ம ஊர்ப் பள்ளிக்கூடக் கூரை, பதினொரு தடவை.' அந்த டிக்கெட் முன்னால் போய்ச் சேருவதற்குள் எட்டுப் பேர் படித்துவிடுவார்கள். எவ்வளவு கூட்டமோ அவ்வளவு படிப்பு. நோட்டீஸ் அடித்தால் பிடிப்பார்கள். டிக்கெட்டை யார் பிடிப்பது? செக்கர் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, படித்துச் சிரித்து, பையில் போட்டுக்கொண்டு போனார்.

அந்தக் கைகளில் ஒன்று அவனுடைய அக்காவின் கை.

டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் அவளுடைய இடம். சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. அவள் ஏறினால் பஸ் முழுக்கக் குளித்த வாசனை வரும். ரேடியோவுக்கு எட்டு வயதில் அம்மா போனபோது, பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனுக்குச் சோறு போட்டவள். பிறகு கல்யாணமாகி, ஒரே பையனைப் பெற்று, புருஷனையும் பறிகொடுத்தாள். தம்பியிடம் அதிகம் பேசமாட்டாள். டிக்கெட்டுக்குக் காசு மட்டும் சரியாக நீட்டுவாள். "அக்கா, உனக்குப் போய் டிக்கெட்டா?" என்றால், "உன் வேலை போச்சுன்னா மறுபடியும் நான்தான்டா சோறு போடணும்" என்பாள்.

அவள் பையனை நெட்டை என்பார்கள். பஸ்ஸில் நின்றால் தலை கூரையில் இடிக்கும். நெட்டைக்கு டிப்போவில் வேலை வாங்கித் தருவதாக மாமன் ரேடியோ சொல்லியிருந்தான். "அடுத்த மாசம் ஆள் எடுக்கிறாங்க மாப்ள." இதை ஒரு வருஷம் சொன்னான். பொய்யில்லை, ஒவ்வொரு மாசமும் அவனே நம்பித்தான் சொன்னான். சண்டைச் செலவில் டிப்போவுக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்பது கடைசியில்தான் தெரிந்தது. அதற்குள் நெட்டை பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டான்.

போனவன் கடிதம் போட்டான். 'அம்மா, என்னை ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்கக் கம்பளி எண்ணுகிறேன். இங்கிருந்து சண்டை நாற்பது மைல்.' அக்கா அந்தக் கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தாள். மாமனும் நம்பினான். அந்த நம்பிக்கையில்தான் ஒரு தப்பைச் செய்தான்.

பேப்பரில் ஒரு அரசாங்க அறிவிப்பு வந்தது. சண்டையில் உயிர் போனால் குடும்பத்துக்கு இவ்வளவு, இரண்டு கண் போனால் இவ்வளவு, ஒரு கால் போனால் இவ்வளவு, விரல் என்றால் இவ்வளவு. நர்ஸ் அதைச் சலூனில் வாசித்தபோது யாரும் தலைமுடியைத் தொடவில்லை. ரேடியோ விரலை மடக்க ஆரம்பித்தான்.

"வேணாம். இதுல சிரிப்பு வேணாம்" என்றாள் நர்ஸ்.

"சிரிச்சாத்தான் மேடம் மண்டையில நிக்கும். நீங்க வாசிச்சது வாசல் தாண்டினா மறந்துடும்."

அவன் சொன்னது நிஜம். அதுதான் வயிற்றெரிச்சல். உயிர் பதினெட்டு டயர், கால் ஏழு, கை ஆறு, கண் ஐந்து, விரல் அரை டயர், அதுவும் மேலே புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் பண்ணின பழசு. ஒரு மனுஷன் முழுசாகச் செத்தால் மூன்று பஸ்தான் ஓடும் என்று முடித்தான். ஜனங்கள் முதலில் திடுக்கிட்டார்கள். பிறகு சிரித்தார்கள். அப்புறம் சிரித்ததற்கு வெட்கப்பட்டு, கோபப்பட்டு, பேச ஆரம்பித்தார்கள். அதுவரைக்கும் வாயே திறக்காத செங்கல்சூளைக்காரர்கூட, "அப்போ நம்மளை இவங்க என்னன்னு நினைச்சிருக்காங்க?" என்று கேட்டார். கூட்டம் நடத்துகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? மறுநாளே டிக்கெட்டில் ஏற்றினான். ஒரு மாதத்தில் ஐந்தாம் நம்பரிலும் ஒன்பதாம் நம்பரிலும் டயர் கணக்கு ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்கும் அது தெரிந்தது.

'ஒரு கால் = 7 டயர்' டிக்கெட் ஒரு நாள் அக்கா கை வழியாகப் போனது. அவள் படித்தாள். பக்கத்துக் கைக்குக் கொடுத்தாள். இறங்கும்போது படியில் நின்று, "உனக்கு வேற எதுவும் கிடைக்கலையாடா?" என்று கேட்டாள்.

"அக்கா, நம்ம ஆள் கம்பளி எண்ணிக்கிட்டிருக்கான். இது அவனுக்கு இல்லை."

"யாருக்கோதானே?" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். அவன் விசில் அடித்தான்.

நெட்டை கம்பளி எண்ணவில்லை. முதல் நாளிலிருந்தே முன்வரிசையில்தான் இருந்தான். அம்மா தூங்கட்டும் என்று எழுதிய பொய் அது. தகவல் பட்டாள ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. வலது கால், முட்டிக்கு மேலே.

மூன்று மாதம் கழித்து ரயிலில் வந்தான். மாமனும் அம்மாவும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அன்றைக்கு ரேடியோவுக்கு லீவு. ஆனாலும் வேறு வண்டி பிடிக்க மனசில்லை. பதினேழாம் நம்பரிலேயே ஏற்றினான். கக்கத்தில் கட்டைகளோடு நெட்டை ஏறியபோது தலை கூரையில் இடிக்கவில்லை. குனிந்தே வந்தான். பஸ் மொத்தமும் எழுந்து இடம் கொடுத்தது. கூடைக்காரம்மா ஒருத்தி, அவனைச் சின்னப் பையனிலிருந்து தெரிந்தவள், அவன் கன்னத்தைத் தொட்டு, "ஐயோ, ஏழு டயராச்சேப்பா" என்று அழுதாள்.

அவள் கிண்டல் செய்யவில்லை. அவளுக்குத் தெரிந்த கணக்கு அது, துக்கத்தில் அதுதான் வாயில் வந்தது. ஆனால் அந்த வார்த்தைக்குப் பல மாதமாகச் சிரித்துப் பழகிய பஸ் அது. பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. கூடவே இன்னும் நாலைந்து. ஒரு விநாடிதான். அப்புறம் எல்லோரும் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

அந்த ஒரு விநாடியில் ரேடியோவின் உதட்டோரமும் நூல் அளவு விரிந்துவிட்டது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. தன் வரிக்குச் சிரிப்பு விழுந்தால் அவன் முகம் தானாக அப்படித்தான் ஆகும், இருபது வருஷப் பழக்கம். நெட்டை கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா கீழே பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பஸ்ஸில் சோப்பு வாசனை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அக்கா கம்பெனிக்கு நடந்து போக ஆரம்பித்திருந்தாள். போக மூன்று மைல், வர மூன்று மைல்.

தெருவில் நெட்டையின் பழைய பெயர் போய்விட்டது. 'ஏழு டயர் வீடு எது?' என்று தபால்காரரே கேட்டார், பாவம், அடையாளத்துக்காக. ரேடியோ அதை நிறுத்தப் பார்த்தான். ஷெட்டில் உட்கார்ந்து ஒரு கட்டு டிக்கெட் முழுக்க, பத்தாவது ஒன்பதாவது என்று பார்க்காமல், 'டயர் கணக்கை மறந்துவிடுங்கள், தயவுசெய்து' என்று எழுதினான். கை கடுத்தது. அன்றைக்கு பஸ் சிரித்த மாதிரி என்றைக்கும் சிரித்ததில்லை. "ரேடியோ புது ஸ்டேஷன் பிடிச்சுட்டான்டா" என்றார்கள். "நிஜமாத்தான் சொல்றேன்" என்றான். அதற்கும் சிரித்தார்கள். இருபது வருஷமாகச் சிரிக்க வைத்தவன், திடீரென்று நிஜமாகச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அக்கா வீட்டுக்குப் போனான். அவள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்கா, எனக்கு அவன் அங்க இருக்கான்னு தெரிஞ்சிருந்தா..."

"தெரியாதுதான். எனக்கும் தெரியாது."

"நான் சொன்னது கவர்மென்ட்டைத்தானே. அவங்க போட்ட விலையைத்தானே."

"நீ சொன்னதுல தப்பே இல்லைடா. கணக்கு சரிதான்." அவள் ஒரு சட்டையைப் பிழிந்தாள். "ஆனா நீ சிரிச்சே."

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டாள். உள்ளே நெட்டை இருமுகிற சத்தம் கேட்டது. அவன் பார்க்காமல் திரும்பி வந்தான்.

அதற்குப் பிறகு சலூனில் அவன் வேடிக்கை பேசவில்லை. நர்ஸ் வாசித்ததை அப்படியே திரும்பச் சொல்வான், டயர் இல்லாமல். ஜனங்கள் மறுபடியும் கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்புறம் வருவதையே குறைத்துக்கொண்டார்கள்.

பொய்க்கால் அளவெடுக்க ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி நெட்டைக்குச் சீட்டு வந்தது. கட்டையோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. வேறு பஸ்ஸும் கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அம்மாவும் பிள்ளையும் பதினேழாம் நம்பரில் ஏறினார்கள். அக்கா காசை நீட்டினாள்.

"கண்டக்டர், ரெண்டு."

கண்டக்டர். ரேடியோ டிக்கெட்டைக் கிழித்தான். கிழிசல் கோணலாகப் போனது.

நெட்டை மட்டும் சிரித்தான். ஆள் மெலிந்திருந்தாலும் சிரிப்பு பழைய சிரிப்பு. "மாமா, உங்க கணக்கு தப்பு."

"என்ன மாப்ள?"

"ஏழுன்னீங்க. பணம் வந்துடுச்சு. நாலே முக்கால்தான் தேறும். ஆஸ்பத்திரியில சாப்பிட்ட சாப்பாட்டுக்குப் பிடிச்சுக்கிட்டாங்க. ரயில் டிக்கெட்டுக்குப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் சர்க்கார் பூட்ஸைத் தொலைச்சதுக்கு."

"பூட்ஸா?"

"ஆமா. ஒண்ணுதான் போச்சு, இடதுகால் பூட்ஸ் என்கிட்டதான் இருக்கு, காட்டினேன். ஜோடிக்குத்தான் விலையாம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "இதைக் கூட்டத்துல சொல்லுங்க மாமா. உங்களை மாதிரி சொல்ல ஆள் கிடையாது."

ரேடியோவுக்கு நெஞ்சுக்குள் என்னவோ குதித்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கணக்கு அவன் கையில் கிடைத்ததில்லை. இதைச் சொன்னால் கல்லும் எழுந்து உட்காரும். அந்தக் குதிப்பு முகத்தில் தெரிந்ததோ என்னவோ, அக்கா ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"உன் வாயால வேணாம்."

"அம்மா, நான்தானே சொல்லச் சொல்றேன்."

"நீ சும்மா இரு. யார் வேணா சொல்லட்டும். இவன் வாயால வேணாம்."

கடைசி ஸ்டாப்பில் நெட்டை இறங்குகிறவரைக்கும் ரேடியோ விசிலை வாயில் வைத்தபடி நின்றான். டிரைவர் அண்ணனும் அவசரப்படுத்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சலூனுக்கு ஆறு பேர் வந்தார்கள். செங்கல்சூளைக்காரர் கூட்டிக்கொண்டு வந்த புது ஆள் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து நர்ஸ் வாசித்ததையெல்லாம் கேட்டார். முடிந்ததும், "எல்லாம் சரிம்மா. சண்டைன்னா செலவு இருக்கும்தான். ஆனா ஒண்ணு சொல்லணும். அடிபட்ட பிள்ளைகளுக்குச் சர்க்கார் சொன்ன பணத்தைச் சொன்னபடி குடுத்துடுது. அதுல ஒரு பைசா குறைக்கிறதில்லை" என்றார்.

நர்ஸ் நோட்டைப் புரட்டினாள். அதில் அந்தக் கணக்கு இல்லை. மற்ற ஐந்து பேரும் பழக்கதோஷத்தில் ரேடியோவைப் பார்த்தார்கள். கண்ணாடியிலும் அத்தனை பேரும் அவனைத்தான் பார்த்தார்கள்.

நாக்கு நுனியில் பூட்ஸ் இருந்தது. எந்த இடத்தில் நிறுத்தி, எந்த இடத்தில் 'ஜோடி' என்ற வார்த்தையைப் போட வேண்டும் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. பெயர் சொல்லாமல் சொல்லலாமா என்று பார்த்தான். இந்த ஊரில் கால் போனவன் ஒருத்தன்தான். சிரிப்பில்லாமல் சொல்லலாமா என்று பார்த்தான். அவன் வாயிலிருந்து பூட்ஸ் என்று வந்தாலே சிரிப்பார்கள்.

சலூன்காரர், "என்ன ரேடியோ, கரண்ட் இல்லையா?" என்றார்.

"எனக்குத் தெரியலைங்க" என்றான் ரேடியோ. "சொன்னபடி குடுத்தாலும் குடுப்பாங்க."

புது ஆள் திருப்தியாகத் தலையாட்டினார். செங்கல்சூளைக்காரரும் கூடச் சேர்ந்து ஆட்டினார். "அதைச் சொல்லுங்க, அந்த மட்டுக்கும் பரவாயில்லை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு எழுந்து போனார்கள். இரண்டு வருஷமாகக் கட்டினது அந்தத் தலையாட்டலில் பொலபொலவென்று உதிர்ந்தது அவனுக்குத் தெரிந்தது.

நர்ஸ் நோட்டைப் பையில் வைத்தாள். "நீங்க ஏதாவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

"ஒண்ணும் வரலை மேடம்."

"உங்களுக்கா?"

அவன் தரையில் கிடந்த முடியைத் துடைப்பத்தால் ஒதுக்க ஆரம்பித்தான். அது சலூன்காரர் வேலை. அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

அவன் வாயை மூடியிருந்ததை அக்காவிடம் போய்ச் சொல்ல யாரும் இல்லை. நடந்தது என்னவென்று தெரிந்தால்தானே சொல்வதற்கு. அவனாகப் போய், 'அக்கா, நான் சொல்லலை' என்று சொன்னால் அது கூலி கேட்கிற மாதிரி இருக்கும். போகவில்லை.

திங்கட்கிழமை காலை பஸ் சோப்புக் கம்பெனி ரோட்டில் போனபோது, ஓரத்தில் அக்கா சாப்பாட்டுப் பையை மாரோடு அணைத்தபடி நடந்துகொண்டிருந்தாள். புழுதி படாமலிருக்க முந்தானையை மூக்குவரை இழுத்து விட்டிருந்தாள். டிரைவர் அண்ணன் வேகத்தைக் குறைத்தார். கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

"நிறுத்தட்டுமாடா?"

ரேடியோ படிக்கட்டுக்கு வந்து நின்றான். பஸ் அவளுக்குப் பக்கத்தில், அவள் நடக்கிற வேகத்துக்கே கொஞ்ச தூரம் ஊர்ந்தது. கையை நீட்டினால் பை எட்டும். அவள் திரும்பவில்லை. நடையை மாற்றவும் இல்லை.

உள்ளே யாரோ, "என்னப்பா, டயர் பஞ்சரா?" என்றார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

"வேணாம்ணே, போங்க" என்று சொல்லிவிட்டு ரேடியோ இரண்டு விசில் அடித்தான்.